மிச்சமும் மழலையும்



விலையுயர்ந்த பொம்மையொன்றை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். சிறிது நேரத்தில் பொம்மை ஒருபுறம் கிடக்கிறது. அது வந்த அட்டைப்பெட்டிக்குள் குழந்தை அமர்ந்திருக்கிறது. பெட்டி முதலில் பேருந்தாகிறது, பிறகு படகாகிறது, கவிழ்த்துப் போட்டால் வீடாகிறது. "கொடுத்த காசு வீண்" என்று தந்தை முணுமுணுக்கிறார். காசு வீணாயிற்றோ இல்லையோ, குழந்தை நமக்கொரு பாடத்தைப் புகட்டிவிட்டது. பொம்மை என்றும் பொம்மையாகவே இருக்கும். பெட்டியோ குழந்தை நினைத்ததெல்லாம் ஆகும்.

இந்தப் பாடத்தைக் கண்டு சிரித்துவிட்டுப் போகாமல், ஊர் கூடி நடத்தும் ஓர் அறப்பணியாகவே ஆக்கிக்கொண்ட மக்கள் இங்கிலாந்தில் உளர். அவர்களையும், அப்பணிக்குக் கைகொடுக்கும் தொண்டர்களையும் பற்றி இம்மாதம் சற்றுச் சிந்திப்போம். தொண்டு செய்தல் என்றால் என்ன என்பதை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க அது துணை செய்யும்.

குழந்தைகளின் காயலான் கடை

பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரில் 1982-ஆம் ஆண்டு 'சில்ட்ரன்ஸ் ஸ்கிராப்ஸ்டோர்' என்ற அறநிறுவனம் தொடங்கப்பெற்றது. பெயரைத் தமிழாக்கினால் 'குழந்தைகளின் காயலான் கடை' என்று சொல்லலாம். ஆனால் நம்மூர்க் காயலான் கடைக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. நம்மூர்க் கடையில் பழையது எடைக்குப் போய் உருக்கப்படும். அங்கே எஞ்சியது இருந்தபடியே குழந்தையின் கைக்குப் போகும்.

தொழிற்கூடங்களில் நாள்தோறும் நல்ல பொருள்களே கழிவாகின்றன. தையற்கூடத்தில் வெட்டுப்பட்ட துணித்துண்டுகள், அச்சகத்தில் ஓரம் நறுக்கிய தாள்கள், துணி சுற்றிவந்த அட்டைக் குழாய்கள், நூல் தீர்ந்த கட்டைகள், பஞ்சணை செய்தபோது மிஞ்சிய நுரைத்துண்டுகள், அளவு பிசகிய மூடிகள், வலைகள், கயிறுகள் என அவை பலவகை. இவை அழுக்கானவையும் அல்ல, உடைந்தவையும் அல்ல. வேண்டாதவை என்பதே அவற்றின் குற்றம். இவற்றை வாங்கி வந்து, தரம் பிரித்து, பண்டகசாலையில் அடுக்கி வைக்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினரான பள்ளிகளும் மழலையர் குழுக்களும் சாரணர் குழுக்களும் வந்து, தமக்கு வேண்டியதைக் குறைந்த செலவில் எடுத்துச் செல்கின்றன. இத்தகைய பண்டகசாலைகள் இன்று பிரிட்டனின் பல நகரங்களில் இயங்குகின்றன.

இதனால் தொழிற்கூடத்தாருக்கும் இலாபமுண்டு. குப்பையைப் பள்ளத்தில் கொட்டிப் புதைப்பதற்கு அந்நாட்டில் 1996-ஆம் ஆண்டு முதல் வரி விதிக்கப்படுகிறது. கொடுத்துவிட்டால் அச்செலவு மிச்சம். வண்மையால் மட்டுமன்றிச் சிக்கனத்தாலும் ஓர் அறம் வாழக்கூடுமாயின் அதில் பிழையேதும் இல்லை.

இப்பொருள்கள் சென்று சேரும் இடங்களுள் ஆலயத்தை அடுத்த பங்கு மண்டபங்களும் உண்டு. இங்கிலாந்தில் எத்தனையோ மழலையர் குழுக்கள் பங்கு மண்டபங்களில்தாம் கூடுகின்றன. ஐயாயிரவர் உண்ட பின்னும் எஞ்சியவற்றைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்த நம் ஆண்டவரை வழிபடும் இல்லத்தின் பக்கத்திலேயே, எஞ்சியவை இவ்வாறு மதிப்புப் பெறுவது எவ்வளவு பொருத்தம்!

எங்கிருந்து பிறந்தது இவ்வெண்ணம்?

வேண்டாத பொருளைக் கொண்டு விளையாடுவது குழந்தைகளுக்குப் புதிதன்று. அதைப் பெரியவர்கள் மதிக்கத் தொடங்கியதுதான் புதிது. டென்மார்க் நாட்டில் பூங்காக்களை வடிவமைத்த சாரன்சன் என்பார் ஒன்றைக் கவனித்தார். தாம் அழகுற அமைத்த விளையாட்டுத் திடல்களைவிட, வீடு கட்டும் மனையில் கிடக்கும் பலகையும் செங்கல்லுமே பிள்ளைகளை இழுக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. 'தட்டுமுட்டுத் திடல்' என்னும் கருத்தை 1931-இல் அவர் எழுத்தில் வெளியிட்டார். 1943-இல், அந்நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் அத்தகைய திடல் ஒன்று திறக்கப்பெற்றது. அங்கே ஊஞ்சலும் சறுக்கலும் பெரிதல்ல. பலகையும் மண்ணும் கருவிகளும் இருந்தன. பிள்ளைகள் கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடியும் கட்டினார்கள்.

1946-இல் அதைக் காண வந்த ஆலன் சீமாட்டி என்னும் ஆங்கிலப் பெண்மணி, வியப்போடு தாயகம் திரும்பினார். அப்போது இலண்டன் மாநகரில் குண்டு விழுந்து பாழான மனைகள் ஏராளம். அத்தகைய இடங்களில் பிள்ளைகளுக்குத் திடல்கள் தோன்ற அவர் அரும்பாடுபட்டார். பெரியவர்கள் அழித்த இடத்தில் சிறுவர்கள் ஆக்கத் தொடங்கினார்கள் என்பது எண்ண எண்ண உருக்கமான செய்தியன்றோ?

பின்னர், 1971-இல் சைமன் நிக்கல்சன் என்னும் அறிஞர் இதற்கொரு விளக்கம் தந்தார். ஓரிடத்தில் குழந்தை நகர்த்தவும் மாற்றவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய பொருள்கள் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு அங்கே கற்பனையும் கண்டுபிடிப்பும் மிகும் என்பது அவர் கருத்தின் சாரம். அசையாத சறுக்குமரத்தில் ஏறலாம், இறங்கலாம், அவ்வளவே. பத்து அட்டைக் குழாய்களும் ஒரு பழைய போர்வையும் கிடைத்தால் முடிவே இல்லை. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் 1996-இல் தொடங்கிய இத்தகைய நிலையத்துக்கு 'ரெமிதா' என்று பெயர். தொட்டதெல்லாம் பொன்னாக்கிய மைதாஸ் மன்னனின் பெயர் அது. அம்மன்னனுக்கு அவ்வரமே சாபமாயிற்று. குழந்தையின் கைகளுக்கோ அத்தகைய தீங்கு நேர்வதில்லை.

பிரிஸ்டல் நிறுவனத்தார் பின்னாளில் பள்ளி முற்றத்துக்கே பண்டகசாலையைக் கொண்டுசென்றனர். பெரிய கொட்டகை ஒன்று பள்ளியில் நிறுவப்படும். நண்பகல் இடைவேளையில் அதைத் திறந்தால் குழாய்களும் துணிகளும் வலைகளும் உருளிகளும் வெளிவரும். ஒதுங்கி நிற்கும் பிள்ளையும், பந்தாட்டத்தில் எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையும், "இந்தக் கயிற்றைப் பிடி" என்றொருவன் சொல்லும்போது தானாகவே கூட்டத்தில் ஒருவராகிவிட வழி பிறக்கிறது. வெற்றி தோல்வி இல்லாத ஆட்டத்தில் வேண்டாதவர் என்று எவரும் இல்லை.

தொண்டரின் வேலை என்ன?

இனி, நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். இப்பண்டகசாலைகளில் உழைப்போருள் ஊதியம் பெறாத தொண்டர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்றோர், வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார் எனப் பலரும் இத்தகைய பணிக்கு ஏற்றவர்களே. அவர்கள் செய்ய வேண்டியது என்ன? மூட்டையை அவிழ்த்தல், அட்டையில் குத்தியுள்ள கம்பி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குதல், கூரிய விளிம்பைத் தேய்த்தல், துணியை நிறம் பிரித்து மடித்தல், மூடிகளை எண்ணிப் பையில் இடுதல், தரையைக் கூட்டுதல்.

தொண்டு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி வேறு. மேடை, மாலை, நிழற்படம், பொருளைப் பெற்றுக்கொண்டு கைகூப்பும் ஏழைச் சிறுவன் ஆகியவை அக்காட்சியில் இடம்பெறும். கம்பி ஊசி பிடுங்குபவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தாம் தொட்ட குழாயைக் கொண்டு விளையாடப்போகும் குழந்தையை அவர் காணப்போவதுமில்லை. அக்குழந்தைக்கு அவர் பெயரும் தெரியாது. ஒரு சிறு விரலில் இரத்தம் வராமற்போனது என்பதே அவர் பணியின் பலன். நேராத காயத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. எனினும், அத்தகைய தொண்டே தூய தொண்டு என்று நாம் துணிந்து கூறுவோம்.

அத்தொண்டருக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது 'வேண்டாம்' என்று சொல்லும் கடமை. வரும் பொருளெல்லாம் ஏற்புடையதன்று. இரசாயனம் வைத்திருந்த கொள்கலம், உடைந்த கண்ணாடி, பழைய மின்கலம், வண்ணம் உரியும் தகரம், மருத்துவமனைக் கழிவு ஆகிய எதுவும் குழந்தையின் அருகே வரலாகாது. மூன்று வயதுக்கு உட்பட்ட மழலைக்கு, வாயில் இட்டு விழுங்கத்தக்க சிறு மூடியும் ஆபத்தே. கொடுப்பவர் மனம் நோகுமே என்று எண்ணி வாங்கிக்கொள்பவர், குழந்தைக்குக் கேடு செய்தவராவார்.

நமக்கும் ஒரு கேள்வி

"இதெல்லாம் செல்வ நாட்டு விளையாட்டு, ஏழைப் பிள்ளைக்குக் குப்பையைக் கொடுத்து விளையாடு என்பது அவமதிப்பு அல்லவா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி, அதை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையன்று.

கிழிந்த சட்டையையும் கால் ஒடிந்த பொம்மையையும் மூட்டை கட்டி அனாதை இல்லத்துக்கு அனுப்புவோர் நம்மிடையே இல்லாமலில்லை. தம் பிள்ளைக்குக் கொடுக்கக் கூசும் பொருளைப் பிறர் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ஈகை செய்ததாக அவர்கள் மகிழ்கிறார்கள். அது ஈகையன்று, வீட்டைத் துப்புரவு செய்தல் மட்டுமே. அக்குழந்தை பெற்றுக்கொள்வது பொம்மையை மட்டுமா? 'உனக்கு இதுவே போதும்' என்னும் சொல்லையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது.

நாம் மேலே கண்ட பணி அத்தகையதன்று. அப்பண்டகசாலையின் வாயில் ஏழைப் பிள்ளைக்கென்று தனியாகவும் செல்வர் பிள்ளைக்கென்று வேறாகவும் அமைந்ததன்று. வசதியுள்ள பள்ளியும் வசதியற்ற பள்ளியும் ஒரே அலமாரியிலிருந்து எடுக்கின்றன. பொருள் மலிவானது, ஆனால் அதைத் தேர்ந்து, துடைத்து, ஊசி பிடுங்கி வைத்த கவனம் மலிவானதன்று. குப்பையைக் கொடையாக்குவது அக்கவனமே. எனவே, எப்பொருளையும் பிறர் பிள்ளைக்குக் கொடுக்கும்முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்றே: இதை என் பிள்ளையின் கையில் கொடுப்பேனா?

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் பொறியியற் பட்டம் பெற்ற அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கான அறிவியற் கல்வி முயற்சியில் 1978-இல் பங்குகொண்டார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யும் வழியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். எறிந்த பொருளிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. குப்பை தந்த பெருமையன்று அது. குழந்தையை மதித்ததன் பெருமை.

நம் முன்னோர்க்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. நுங்கு தின்ற பின் கோந்தையைக் கொண்டு வண்டி செய்தும், தேய்ந்த சைக்கிள் டயரைக் குச்சியால் உருட்டியும், சோடா மூடியைத் தட்டி நூல் கோத்துச் சுழற்றியும், தீப்பெட்டிகளை இணைத்து இரயில் ஓட்டியும் வளர்ந்த தலைமுறை இன்னும் நம் பங்குகளில் இருக்கிறது. அத்தாத்தாக்களும் பாட்டிமார்களும் இன்று பல வீடுகளில் பேச்சுத்துணையின்றி அமர்ந்திருக்கிறார்கள். பேரக்குழந்தையோ பக்கத்திலேயே கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் இடையே ஒரு பனங்கோந்தை போதுமே!

ஆதலின், இயன்ற குடும்பங்கள் ஒன்றுகூடித் தத்தம் பங்கில் இதை முயன்று பார்க்கலாம். பெருந்தொகை வேண்டியதில்லை. பூட்டக்கூடிய ஓர் அறையும், ஊரிலுள்ள தையற்காரர், அச்சகத்தார், தச்சர் ஆகியோரின் நல்லெண்ணமும், வாரத்தில் இரண்டு மணி நேரம் தவறாது வரும் நான்கு பேரும் போதும். 'தவறாது' என்னும் சொல்லைக் குடும்பத்தார் கவனிப்பார்களாக. முதல் வாரம் நாற்பது பேர் வந்து மூன்றாம் வாரம் ஒருவரும் வராத பணிகளை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். ஆர்வம் பணியைத் தொடங்கி வைக்கும். ஒழுங்கே அதை நடத்திச் செல்லும்.

பிள்ளைகள் விளையாடத் தொடங்கியபின் பெரியவர்கள் சற்று விலகி நிற்பார்களாக. "இப்படிச் செய், அப்படி வை" என்று கட்டளையிடுவோமாயின், அட்டைக் குழாயும் மற்றொரு பாடப்புத்தகமாகிவிடும். ஆபத்து வராமல் கண் காக்கட்டும், வாய் ஓய்ந்திருக்கட்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் விதி விளையாட்டைக் குழந்தையின் உரிமையென்றே கூறுகிறது. உரிமையை நாம் சலுகையாகத் தர வேண்டியதில்லை, தடுக்காமலிருந்தாலே போதும்.

இம்மாதம் உங்கள் இல்லத்தில் ஒரு பெட்டியை ஒதுக்கி வையுங்கள். எறியப்போகும் பொருளைக் கையிலெடுக்கும்போது ஒரு நொடி நின்று பாருங்கள். தூயதும் தீங்கற்றதும் ஆயின், பெட்டியில் இடுங்கள். ஞாயிறு மாலை அதைக் குழந்தைகள் முன் திறந்து வைத்துவிட்டு, அருகில் அமைதியாக அமருங்கள். அடுத்து என்ன நிகழவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள்.