போர் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகலாமா? அமெரிக்க கேடட்களின் குறும்பும் அதன் எல்லையும்

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள விமானப்படை அகாடமியின் நடுவே 'டெராசோ' என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. அங்கே எஃப்-4, எஃப்-15, எஃப்-16, எஃப்-105 ரகப் போர் விமானங்கள் காட்சிக்கு நிற்கின்றன. இருபது வயதுப் பசங்க தினமும் கடந்து போகும் இடத்தில் இப்படி விமானங்கள் நின்றால், கை சும்மா இருக்குமா?

'ஸ்பிரிட் மிஷன்' என்றால் என்ன?

இரவோடு இரவாக ஒரு குறும்பைச் செய்துவிட்டு, மாட்டாமல் நழுவுவதற்கு அங்கே இப்படியொரு பெயர். ராணுவம், கடற்படை, விமானப்படை அகாடமிகள் மோதும் ஃபுட்பால் போட்டி நெருங்கினால் இது சூடுபிடிக்கும். பேனர் கட்டுவது, பெயின்ட் அடிப்பது, இடம் மாற்றுவது என எல்லாவற்றுக்கும் காட்சி விமானம் வசதியான இலக்கு.

அவ்வளவு எடை எப்படி நகரும்?

எஃப்-105 விமானத்தின் காலி எடையே சுமார் 12 டன். ஆனால் காட்சிக்கு வைக்கும்போது இன்ஜின் போன்ற கனமான பாகங்களைப் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். சக்கரம் சுழலும் நிலையில் இருந்தால், சமதளத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து தள்ளி நகர்த்திவிடலாம்.

சிக்கல், நிறுத்துவதில்தான். விமான பிரேக் வேலை செய்ய ஹைட்ராலிக் அழுத்தம் வேண்டும். ஓய்வுபெற்ற விமானத்தில் அது இருக்காது. லேசான சரிவில் உருள ஆரம்பித்தால், பிடித்து நிறுத்த ஆள் பலம் போதாது.

பிடிபட்டால்?

கேடட்கள் வெறும் மாணவர்கள் அல்ல. ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ராணுவச் சொத்தைச் சேதப்படுத்துவது அந்தச் சட்டத்தின் 108-வது பிரிவின்படி குற்றம்.

எல்லை எங்கே?

2012 அக்டோபரில் இதே அகாடமியில், முதல் பனி விழுந்ததும் சீனியர்களைப் பனியில் தூக்கிப்போடும் வழக்கம் கைகலப்பாக மாறி, 27 கேடட்கள் காயமடைந்தனர். 2018 நவம்பரில், விமானப்படை அகாடமியின் 22 வயது வல்லூறு 'அரோரா'வை வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி கேடட்கள் தூக்கிச் சென்றனர். அதன் இறக்கைகளில் காயம். வெஸ்ட் பாயின்ட் மன்னிப்புக் கேட்டது.

இரண்டுமே விளையாட்டாகத் தொடங்கியவைதான். பேனரை அவிழ்த்துவிடலாம், பெயின்ட்டைக் கழுவிவிடலாம், விமானத்தைக்கூட பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம். சக்கரத்தில் சிக்கிய காலை அப்படிச் சரிசெய்ய முடியாது. விடிவதற்குள் பழையபடி ஆக்க முடிகிற வரைதான் அது குறும்பு.