முதல் தாள் கேட்கும் கேள்வி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தமிழ்த் தாளோடுதான் தொடங்குகிறது. வாணியம்பாடியில் உருது வழியில் படிக்கும் பிள்ளைகள் பலரிடம், ‘நீ யார்?’ என்று அரசாங்கம் முதன்முதலாக எழுத்தில் கேட்பது அந்தத் தாளில்தான்.

அதுவரை அந்தக் கேள்விக்கு வேலையே இருக்காது. வீட்டில் அம்மாவிடம் “நக்கோ” என்று அடம்பிடிக்கிற பையன், அடுத்த நிமிடம் தெருமுனைக் கடையில் நின்று, “அண்ணே, ரெண்டு பரோட்டா பார்சல், சால்னா தனியா கட்டுங்க” என்கிறான். அவன் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் உருதுகூட வீட்டில் புழங்கும் தக்கனி வழக்கு இல்லை. வடநாட்டு நடையில் எழுதப்பட்டது. தாய்மொழிப் பாடம் என்று சொல்லப்படுவதிலேயே அவன் பாதி விருந்தாளி. சாயங்காலம் கிரிக்கெட் ஆடப் போனால் அணி பிரிவது தெருவை வைத்து. அந்தத் தெருக்களே சமூகவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகி, 2016-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. நியாயமான சட்டம், போதுமான அவகாசம். ஆனால் சிறுபான்மை மொழிப் பள்ளிகள் பலவற்றுக்குச் சட்டம் வந்து சேர்ந்த வேகத்தில் தமிழாசிரியர் வந்து சேரவில்லை. தேர்வு நெருங்கியதும் வழக்கு, தமிழ்த் தாளிலிருந்து விலக்கு, மறுபடி வழக்கு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஓராண்டு விலக்கு அளித்தது.

இந்த விலக்குகளைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வெற்றியாக என்னால் பார்க்க முடியவில்லை. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு, அரசுப் பணித் தேர்வில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு வாங்காதவரின் மற்ற விடைத்தாள்கள் திருத்தப்படுவதே இல்லை. 15 வயதில் விலக்கு வாங்கியவரை 22 வயதில் அதே தாள் வாசலில் நிறுத்துகிறது.

அதைவிடப் பெரிய சேதம் மனதில் நடப்பது. சமூக அடையாளக் கோட்பாட்டை வகுத்த உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராக ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போலந்துக்காரர் என்பது தெரியாததால் பிழைத்தவர். 1970 வாக்கில் பிரிஸ்டலில் அவர் நடத்திய சோதனையில், 14, 15 வயதுப் பையன்களை ஏதோ ஓர் அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, வாங்கப்போகிறவர் யாரென்று தெரியாது. எந்தக் குழு என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. தம் குழுவுக்கு வரும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்று பலர் பங்கிட்டார்கள். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது அது. தமிழ் எழுதுகிறவர், விலக்குப் பெற்றவர் என்று அந்த வயதில் இரண்டு வரிசை போட்டால், ஒரு வரிசை தமிழை ‘அவங்க பாஷை’ என்று பழகுகிறது; மற்றது பக்கத்து வீட்டுக்காரனை வெளியூர்க்காரனாகப் பார்க்கப் பழகுகிறது.

இதே ஊரில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியில் 1961 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். மதுரையில் உருதுக் கவிஞர் குடும்பத்தில் பிறந்தவர். உருதுக் கவிதையில் செழித்த கஸல் வடிவத்தைத் தமிழில் எழுதிக்காட்டினார். ‘ஆலாபனை’ தொகுப்புக்கு 1999-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். அவர் வகுப்பில் உட்கார்ந்த உருது வீட்டுப் பையனிடம், தமிழா உருதுவா என்று கேட்கவே வேண்டியிருந்திருக்காது. இரண்டும் ஒரே ஆளாக எதிரில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தன.

மொழி மட்டுமே இங்கே அடையாளத்தைத் தீர்மானிப்பதில்லை. இந்த ஊரின் தோல் டேனரிகளில் பச்சைத் தோலையும் சுண்ணாம்பையும் கையாளும் ஈர வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்களின் தலையில்தான் விழுந்துவந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால், “கம்பெனிக்குப் போறாரு சார்” என்று அதோடு நிறுத்திக்கொள்ளும். சொல்லாமல் விட்ட பாதியில் அதன் அடையாளமும் உருவாகிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மொழியும் அடையாளமும் இப்படிப் பின்னிக் கிடப்பது அரசுக்குப் புரியாதது இல்லை. 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அந்தப் பட்டியலில் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவுக்கு எதிரே, பேசும் மொழி தமிழானாலும் உருதுவானாலும் பொருந்தும் என்று இருக்கிறது. சான்றிதழில் காட்டிய அந்தத் தாராளத்தைப் பள்ளியிலும் காட்டலாம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு எழுதிய பாடநூலையே உருது வீட்டுப் பிள்ளையின் கையிலும் கொடுக்காமல், இரண்டாவது மொழியாகக் கற்பவருக்கென்று தனி நூல் எழுதலாம். விரும்பும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உருது எழுத்தும் சொல்லித்தரலாம். முதலில் ஆசிரியரை நியமிக்க வேண்டும். வருகிற ஜூனில் ஒவ்வோர் உருதுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கும் ஒரு தமிழாசிரியர் வந்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதும் ஆண்டில் விலக்குக் கேட்டு யாரும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்காது.