ரயில் இல்லாத ரயில்வே கமிஷன்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு ரயில்வே கமிஷன் இருக்கிறது. அதற்கும் ரயிலுக்கும் இன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. தண்டவாளம், சிக்னல், லெவல் கிராசிங், பயணக் கட்டணம் எதுவும் அதன் கையில் இல்லை. அது மேற்பார்வை செய்வதெல்லாம் எண்ணெய்க் கிணறுகள், இயற்கை எரிவாயு, குழாய்ப் பாதைகள், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள். அமெரிக்காவிலேயே மிக அதிகமாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மாநிலத்தில் இந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இத்தனையையும் ஆளும் 3 உறுப்பினர்களை மாநில மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக் காலம் 6 ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு இடத்துக்குத் தேர்தல் வரும்.

டிப்ளமா படித்துவிட்டு வடக்கு ரயில்வேயின் மின்சாரப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். ரயில்வே என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். அப்படிப் படிக்கத் தொடங்கிய விஷயம் இது. நம் சங்கத்துக் குடும்பங்களில் ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் பக்கம் பிள்ளைகள் இல்லாத குடும்பத்தை எண்ணிவிடலாம். அவர்களில் பலர் குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறார்கள். ஆகவே இதை வெளியூர் வம்பு என்று தள்ளிவிட வேண்டாம்.

என் கட்சி இதுதான். அந்தக் கமிஷனின் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாமல் வைத்திருப்பது வெறும் சோம்பலோ பழைமைப் பற்றோ மட்டும் அல்ல. சிலருக்கு அது நல்ல வசதி.

முதலில் பெயர் வந்த கதை. 1891இல் கவர்னர் ஜேம்ஸ் ஹாக் காலத்தில் இந்தக் கமிஷன் பிறந்தது. அன்று பருத்தி விவசாயிக்கு ரயிலை விட்டால் வேறு கதி இல்லை. ரயில் கம்பெனி கேட்டதுதான் கட்டணம். அதைக் கட்டுப்படுத்துவேன் என்று சொல்லியே ஹாக் தேர்தலில் வென்றார். முதல் தலைவராக வந்த ஜான் ரீகன், வாஷிங்டனில் செனட்டர் பதவியை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தார். இன்று எந்த செனட்டராவது ஒரு மாநிலக் கமிஷனுக்காக அப்படிச் செய்வாரா? 1894இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள்.

அந்தக் காலத்தில் கமிஷன் தன் ஊர்க்காரனுக்காக எப்படி நின்றது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சரக்குக் கட்டணம் பார்த்த பழைய ரயில்வேக்காரர்கள் ரசிப்பார்கள். டல்லாஸிலிருந்து மார்ஷல் என்ற ஊருக்கு 147.7 மைல். அங்கே ஒரு சரக்குக்குக் கட்டணம் 36.8 சென்ட். பக்கத்து மாநிலமான லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து அதே மார்ஷலுக்கு 42 மைல்தான். ஆனால் அதே சரக்குக்கு 56 சென்ட்! மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்குக் கமிஷன் கட்டணத்தை அமுக்கி வைத்திருந்தது. மாநில எல்லையைத் தாண்டி வரும் சரக்கு அதன் அதிகாரத்தில் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1914இல் மத்திய அரசின் கமிஷனுக்குச் சாதகமாக முடிந்தது. செய்தது நியாயமா என்று கேட்டால் ஷ்ரீவ்போர்ட் வியாபாரி ஒன்று சொல்வான், டல்லாஸ் வியாபாரி வேறு சொல்வான். நம் நாட்டிலும் நிலக்கரிக்கும் இரும்புக்கும் எங்கே அனுப்பினாலும் ஒரே விலை விழும்படி 1950களிலிருந்து சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்து, பீகாரும் வங்காளமும் அதனால் நொந்துபோன கதை உண்டு. அது இருக்கட்டும். கமிஷன் யாருக்காக என்ன செய்கிறது என்பது டெக்ஸாஸ்காரனுக்கு அன்று பளிச்சென்று தெரிந்தது. பெயரும் வேலையும் ஒன்றாக இருந்த காலம் அது.

பிறகு எண்ணெய் வந்தது. எண்ணெய்க் குழாயும் ரயில் போலச் சரக்கைக் கொண்டு போகும் பாதைதானே என்று 1917இல் அதைக் கமிஷனிடம் கொடுத்தார்கள். 1919இல் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் சேர்ந்தன. 1930இல் கிழக்கு டெக்ஸாஸில் மாபெரும் எண்ணெய் வயல் கிடைத்தது. ஆளாளுக்குத் தோண்டினார்கள், மறு வருடம் விலை பீப்பாய்க்கு 10 சென்ட் அளவுக்குச் சரிந்தது. கவர்னர் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. அதன் பின் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று மாதாமாதம் அளந்து கொடுக்கிற வேலை கமிஷனுக்கு வந்தது. உலக எண்ணெய் விலையே அந்த ஆஸ்டின் அலுவலகத்தின் உத்தரவைப் பார்த்து நடந்த காலம் உண்டு. 1960இல் ஒபெக் அமைப்பை உருவாக்கியவர்கள் இந்தக் கமிஷனைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்கள்.

ரயில் ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கட்டண விஷயம் மத்திய அரசிடம் போயிற்று. மீதமிருந்த ரயில் பாதுகாப்பு வேலையும் 2005இல் மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு மாறியது. பெயர்ப் பலகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2021 பிப்ரவரியைச் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதும் உறைந்துபோன அந்த வாரத்தில் சுமார் 45 லட்சம் வீடுகளுக்கும் தொழிலகங்களுக்கும் மின்சாரம் போனது. மாநில சுகாதாரத் துறையின் கணக்கிலேயே இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் பாதிக்கு மேல் குளிரினால் மட்டுமே இறந்தவர்கள். டெக்ஸாஸின் பெரும்பகுதி, அக்கம் பக்கத்து மாநிலங்களோடு ஒட்டாமல் தனி மின்வலையாக இருப்பதால் வெளியிலிருந்து பெரிதாக உதவியும் வாங்க முடியவில்லை.

பிப்ரவரி 15 அதிகாலையில் நடந்ததை மின்சாரப் பிரிவில் இருந்தவன் படித்தால் உடம்பு சிலிர்க்கும். அங்கே மின்வலையின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். (நமக்கு 50.) அது 59.4க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 வினாடி அங்கேயே கிடந்தது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மின் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும். பிறகு மாநிலம் முழுவதையும் இருட்டிலிருந்து மீட்க வாரக்கணக்கில் ஆகும். இடையில் இருந்தது 4 நிமிடம் 37 வினாடிதான். 2012 ஜூலை 30, 31 தேதிகளைத் தில்லியில் இருந்த நாம் மறந்திருக்க மாட்டோம். இரண்டாம் நாள் 60 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன. கோடையில் இருட்டு என்றால் வியர்வை, கோபம். உறைபனியில் இருட்டு என்றால் உயிர்.

இதில் ரயில்வே கமிஷன் எங்கே வருகிறது? டெக்ஸாஸில் மின்சாரத்துக்குப் பெரிய ஆதாரம் இயற்கை எரிவாயு. குளிரில் கிணற்று வாயும் குழாயும் உறைந்தன. எரிவாயுவைத் தள்ளும் நிலையங்கள் பலவற்றுக்கு மின்சாரம் வேண்டும். அவற்றை "வெட்டக் கூடாதவை" என்று முன்கூட்டிப் பதிவு செய்யாததால், மின்வெட்டில் அவையும் அணைந்தன. எரிவாயு இல்லாமல் மின்சாரம் குறைந்தது; மின்சாரம் இல்லாமல் எரிவாயு இன்னும் குறைந்தது. 2021 நவம்பரில் வந்த மத்திய விசாரணை அறிக்கை, திட்டமிடாமல் நின்றுபோன மின் உற்பத்தியில் 44.2 சதவீதத்துக்கு உறைபனியும் 31.4 சதவீதத்துக்கு எரிபொருள் கோளாறும் காரணம் என்றது. அந்த எரிபொருள் கோளாற்றில் மிகப் பெரும் பங்கு இயற்கை எரிவாயு. கிணறும் குழாயும் யார் மேற்பார்வை? ரயில்வே கமிஷன்.

இனிதான் விஷயம். மின்வலையை நடத்தும் எர்காட் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நீக்கினார்கள். அதன் இயக்குநர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். கவர்னர் நியமித்த மின்சார ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் வெளியேறினார்கள். ரயில்வே கமிஷனில் ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நின்ற உறுப்பினர் மறுபடி வென்றார். மின்சாரம் என்று பெயரில் இருந்தவர்கள் மீது ஜனங்களின் கோபம் பாய்ந்தது. ரயில் என்று பெயரில் இருந்தவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 1994க்குப் பிறகு 2024 வரை அந்த மாநிலத்தில் மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி பிடித்ததில்லை. அதுவும் பெரிய காரணம். ஆனாலும் பெயர் ஒரு நல்ல போர்வை.

2022 அக்டோபரில் டல்லாஸ் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தேன். மாதிரி ஓட்டுச் சீட்டை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார் மாப்பிள்ளை. நம் ஊர் கல்யாணச் சாமான் பட்டியல் தோற்றது: கவர்னர் முதல் நீதிபதி வரை எல்லாப் பதவிக்கும் தேர்தல். ஒவ்வொரு வரியிலும் பேனாவால் குறித்து வந்தவர் ஒரு வரியைத் தாண்டிப் போனார். ஏன் என்றேன். "அது ஏதோ ரயில் சமாசாரம் மாமா. இங்க யாரு ரயில்ல போறா?" என்றார். பெரிய கம்பெனியில் மென்பொருள் பிரிவைக் கட்டி ஆள்கிறவர். விவரம் சொன்னதும் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்துவிட்டுக் குறித்தார். யாருக்குக் குறித்தார் என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை அல்ல.

முன்பு ஒரே கட்டத்தில் குறியிட்டால் கட்சிக்காரர் எல்லோருக்கும் ஓட்டு விழும் வழி இருந்தது. 2017இல் சட்டம் செய்து, 2020 தேர்தலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வரி வரியாகப் படித்துத்தான் குறிக்க வேண்டும். பதவியின் பெயர் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

இன்னொன்று. டெக்ஸாஸில் இந்தப் பதவிக்கு நிற்பவருக்கு ஒரு தனி மனிதர் எவ்வளவு நன்கொடை கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பே கிடையாது. உறுப்பினர்களின் தேர்தல் நிதியில் பெரும் பகுதி எண்ணெய், எரிவாயுத் தொழிலிலிருந்து வருகிறது. அந்தத் தொழிலுக்கு இது என்ன கமிஷன் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான். 2021இல் புதுச் சட்டம் வந்த கையோடு கமிஷன் தயாரித்த முதல் வரைவில், 150 டாலர் கட்டி ஒரு படிவம் கொடுத்தால் எரிவாயு நிறுவனம் "நான் அத்தியாவசியம் அல்ல" என்று விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. சட்டசபையினர் கட்சி பேதமில்லாமல் கொதித்த பிறகே அதை இறுக்கினார்கள். அதற்குப் பின் குளிர் காப்பு விதிகள் வந்தன, சோதனைகள் நடக்கின்றன, 2022 டிசம்பர்க் குளிரை மின்வலை தாங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2021இன் பில் முடியவில்லை. அந்த வாரத்தில் வானத்துக்கு ஏறிய எரிவாயு விலைக்காக 2023இல் சுமார் 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். எரிவாயு வாடிக்கையாளர்கள் பல வருடங்களுக்கு மாதக் கட்டணத்தோடு சேர்த்து அதைக் கட்டுகிறார்கள். இதற்கு அனுமதி தந்ததும் ரயில்வே கமிஷன்தான்.

பெயரை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. மாநில அலுவலகங்கள் தேவையா என்று அவ்வப்போது பரிசீலிக்கும் சன்செட் குழு, எண்ணெய்-எரிவாயு என்றோ எரிசக்தி என்றோ பெயரில் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. 2017இல்கூடப் பெயரைத் தொடாமலே கமிஷனின் ஆயுளை நீட்டித்தார்கள். அரசியல் சட்டத்தில் இந்தப் பெயர் இருக்கிறது, மாற்றினால் வழக்கு வரும் என்கிறார்கள். 1876இலிருந்து 500 முறைக்கு மேல் திருத்தப்பட்ட அரசியல் சட்டம் அது! இன்னொரு திருத்தத்தில் என்ன முழுகிப் போகும்?

நம் ஊரில் கலெக்டர் என்கிறோமே, அவர் வரி வசூல் மட்டுமா செய்கிறார் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் கலெக்டரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் என்ன செய்கிறார் என்பது பட்டா வாங்கப் போன எவருக்கும் தெரியும். ரயில்வேயில் கரி அள்ளிப் போட்டவரை ஃபயர்மேன் என்றோம். கரி போய் டீசல் வந்ததும் டீசல் அசிஸ்டென்ட் ஆனார், இன்று உதவி லோகோ பைலட். எதையும் லேசில் மாற்றாத இந்திய ரயில்வேக்கே அது முடிந்தது.

2026லும் 2028லும் ஒவ்வோர் இடத்துக்குத் தேர்தல் வருகிறது. 2029இல் கமிஷன் மறுபடி சன்செட் பரிசீலனையில் நிற்கும். டெக்ஸாஸில் உண்மையான போட்டி பெரும்பாலும் மார்ச் மாதம் நடக்கும் கட்சி முன்தேர்தலில்தான். அதற்குக் கட்சி உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டியதில்லை; வாக்காளர் எவரும் ஏதாவது ஒரு கட்சியின் முன்தேர்தலில் ஓட்டுப் போடலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தேர்தலுக்கு 30 நாள் முன்பே மனுக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போனில் வரும்போது, குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்ட கையோடு இதையும் கேட்டுப் பாருங்கள்.