லேப்ராஸ்கோப்பி புற்றுநோய் ஆபரேஷன்: உள்ளே ரத்தம் கசிந்தால் டாக்டர்கள் என்ன செய்வாங்க?

புராஸ்டேட், மலக்குடல் புற்றுநோய்க்கு சிறு துளை வழியாகவே ஆபரேஷன் செய்யும் முறை இப்போது பரவலாகிவிட்டது. "வயிற்றைத் திறக்காமல் செய்யும்போது ரத்தம் கொட்டினால் எப்படி நிறுத்துவாங்க?" குடும்பத்தினரின் முதல் பயமே இதுதான்.

ஏன் சிக்கலான இடம்?

இடுப்புக்குழி மிகவும் குறுகலானது. ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. மலக்குடலுக்குப் பின்னால் எலும்பை ஒட்டியுள்ள மெல்லிய சிரைகள் கிழிந்தால், அவற்றைப் பிடித்துக் கட்டுவது கடினம்.

வாயு எப்படி உதவுகிறது?

வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை செலுத்துகிறார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம். இது சிரைகளை அழுத்துவதால் கசிவு குறையும். ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. வாயுவை வெளியேற்றியதும், மறைந்திருந்த கசிவு தொடங்கலாம். அதனால்தான் முடிப்பதற்கு முன் அழுத்தத்தைக் குறைத்து ஒருமுறை பார்க்கிறார்கள்.

கசிந்தால் முதல் வேலை என்ன?

அழுத்திப் பிடிப்பதுதான். துளை வழியாக காஸ் துணியை உள்ளே அனுப்பி அழுத்துவார்கள். கசியும் இடம் தெளிவாகத் தெரிந்த பிறகே கிளிப், தையல் அல்லது மின்சூடு. அவசரப்பட்டு கிளிப் போட்டால் கிழிசல் பெரிதாகலாம். அப்பவும் நிற்கலைன்னா வயிற்றைத் திறப்பார்கள். அது தோல்வி அல்ல, உயிரைக் காக்கும் முடிவு.

ரத்தம் குறைவாகப் போனால் அதுதான் சிறந்த ஆபரேஷனா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆரம்பநிலை கர்ப்பப்பை வாய் புற்றுநோய் உள்ள 600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கர்ப்பப்பையையும் சுற்றியுள்ள திசுக்களையும் அகற்றும் ஆபரேஷனுக்குப் பின், நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 96.5%, சிறு துளை பிரிவில் 86% மட்டுமே. இந்த முடிவு கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கானது. மற்ற புற்றுநோய்களுக்கு அப்படியே பொருந்தாது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க, நீங்களாக நிறுத்தாதீங்க. ரத்தசோகை இருந்தால் முன்பே சரிசெய்யக் கேளுங்க. "எனக்கு எந்த முறை, ஏன்? வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் ரத்தம் தயாரா இருக்கா?" இந்தக் கேள்விகளை கையெழுத்து போடும் முன்பே கேட்டுடுங்க.