ஓய்ந்து கிடக்கும் செக்டார்கள்

நாலு டிஸ்க் கொண்ட ரெய்டு பெட்டி மேசைக்கு வந்த பிறகு, கல்யாண வீடியோ எடுப்பவரோ ஆடிட்டர் அலுவலகமோ அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் காப்பாற்றும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யும் அல்ல. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய அதுவே: விலை மலிந்த டிஸ்குகள் பலவற்றைக் கூட்டாக இயக்கினால் வேகம் கிடைக்கும், ஒன்று செத்தால் மற்றவற்றிலிருந்து மீட்கலாம். ஆனால் மீட்கும் வேளையில் மிச்சமுள்ள டிஸ்குகளின் ஒவ்வொரு செக்டாரும் படிக்கும் நிலையில் இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? மீட்புக்காகச் சேர்த்து எழுதப்படும் கூடுதல் தகவலான பாரிட்டி, வண்டியின் ஸ்டெப்னி மாதிரி. பஞ்சரான பிறகுதான் அதில் காற்று இல்லை என்று தெரியவரும். ஆகவே, வெளி ரெய்டு பெட்டிக்கான பராமரிப்பில் முதலிடம் தூசி தட்டுவதற்கோ ஃபர்ம்வேருக்கோ அல்ல, எல்லா டிஸ்கையும் தொடக்கம் முதல் கடைசி வரை அவ்வப்போது படித்துப் பார்க்கும் 'ஸ்க்ரப்' வேலைக்கே என்பது என் கட்சி.

இரண்டு வருடம் முன்பு எடுத்த நிச்சயதார்த்த வீடியோவை யாரும் தினமும் திறப்பதில்லை. திறந்தாலும், பாரிட்டியை எல்லா டிஸ்கிலும் பரப்பி வைக்கும் ரெய்டு 5-இல் சாதாரணமாகப் படிக்கும்போது பாரிட்டிப் பகுதிகள் தொடப்படுவதே இல்லை. அங்கே ஒரு செக்டார் கெட்டால் அது சத்தமின்றிக் கிடக்கும். நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பகங்களில் ஓடிய 15.3 லட்சம் டிஸ்குகளை 32 மாதம் கவனித்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், 3.45 சதவீத டிஸ்குகளில் இப்படி மறைந்திருந்த பிழைகள் அகப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் ஸ்க்ரப்பில்தான் பிடிபட்டன. அதே ஆண்டு கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது: பின்னணியில் ஓடும் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து ஒரு ஆட்சேபம் வரும். ரெய்டு 5-க்குக் காலம் முடிந்துவிட்டது, ஸ்க்ரப் செய்தும் பயனில்லை என்பார்கள். அவர்கள் கணக்கு இது: 8 டெராபைட் டிஸ்க் நான்கில் ஒன்று போனால், மற்ற மூன்றிலிருந்து 24 டெராபைட் படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்குக்குத் தயாரிப்பாளர் தரும் எல்லையோ நூறு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. அப்படியானால் மீட்பு பெரும்பாலும் தோற்க வேண்டும். நடைமுறையில் அப்படித் தோற்பதில்லை. அந்த எண் தயாரிப்பாளர் ஏற்கும் உச்ச வரம்பு. பிழைகள் எல்லா டிஸ்கிலும் சீராகத் தூவப்பட்டிருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. மேலே சொன்ன நெட்ஆப் ஆய்வில் நூற்றில் தொண்ணூற்றாறுக்கு ஒரு பிழையும் வரவில்லை. கெட்டது சில டிஸ்குகளில் மட்டும் குவிகிறது. நம் பெட்டியில் அந்தச் சில டிஸ்குகளில் ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை, படித்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

வேகமும் இதே விஷயத்தோடு சேர்ந்தது. பெட்டி மந்தமானால் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும்; யுஎஸ்பி 2 கேபிள் மாட்டியிருந்தால் நொடிக்கு 40 மெகாபைட் தாண்டாது. நிரம்பிய டிஸ்கின் உள்வட்டங்கள் வெளிவட்டத்தின் பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதால், விளிம்புவரை அடைத்துவிட்டு வேகம் கேட்பதும் நியாயமில்லை. இவை இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் டிஸ்கின் மேல் திரும்ப வேண்டும். கெட்ட செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும் ஒரு டிஸ்குக்காக மற்ற மூன்றும் காத்து நிற்கும். நாஸ் (வலையமைப்புச் சேமிப்பகம்) வகை டிஸ்குகள் 7 நொடியளவில் கைவிட்டு, விடையைப் பாரிட்டியிடம் விட்டுவிடும். மேசைக் கணினி டிஸ்குகள் ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். மலிவுக்காக அவற்றைப் போட்டுவிட்டுப் பெட்டியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஸ்க்ரப் டிஸ்கைத் தேய்க்காதா என்ற கேள்வி நியாயமானது. நாஸ் டிஸ்குகளில் பலவற்றுக்கு ஆண்டுக்கு 180 டெராபைட் வேலைதான் அளவு. 8 டெராபைட் டிஸ்கை மாதந்தோறும் படித்தால் 96, தாங்கும். 16 டெராபைட் என்றால் 192, அளவைத் தாண்டுகிறது. அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், ஆண்டுக்கு 64-தான் ஆகும். டிஸ்க் தன் நலத்தைத் தானே கணிக்கும் 'ஸ்மார்ட்' எச்சரிக்கை இருக்கிறதே என்பதும் போதாது. கூகுள் ஆய்வில் செயலிழந்த டிஸ்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் ஒன்றில்கூட எச்சரிக்கை காட்டவில்லை.

உண்மையான தடை வேறு. மலிவான யுஎஸ்பி பெட்டிகள் பலவற்றில் ஸ்க்ரப் செய்யும் வசதியே இருக்காது. எல்லாக் கோப்பையும் வேறிடத்துக்கு நகலெடுத்தால் அதற்கு ஈடாகுமா? ஆகாது: ஒரே தகவலை இரு டிஸ்கில் வைக்கும் ரெய்டு 1-இல் ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரு டிஸ்கிலிருந்து மட்டும் படிக்கப்படும், ரெய்டு 5-இல் பாரிட்டி தொடப்படாது. (நகல் வேறு காரணத்துக்காக அவசியம். தவறி அழித்த கோப்பை எந்த ரெய்டும் திருப்பித் தராது.) இத்தகைய பெட்டியை வெறும் டிஸ்க் தாங்கியாக வைத்து, ரெய்டை இயங்குதளத்திடம் விடுவதே மேல். டெபியன் லினக்ஸ் வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறன்று சோதனையைத் தானே தொடங்கும். இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இன்னும் ஒரு படி மேல்: சாதாரண பாரிட்டிச் சோதனை 'எங்கோ பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லும், எது சரியான பிரதி என்று சொல்லாது, இசட்எஃப்எஸ் சரிபார்ப்பு எண் (செக்சம்) வைத்திருப்பதால் சொல்லிவிடும். இயங்குதளத்தின் கையில் ரெய்டு இருந்தால், ஸ்க்ரப் ஓடும்போது ஒவ்வொரு டிஸ்கின் வேகத்தையும் தனித்தனியே பார்க்கலாம். மற்றவை 200 மெகாபைட்டில் ஓடுகையில் ஒன்று மட்டும் அடிக்கடி 30-க்கு விழுந்தால், ஸ்மார்ட் 'நலம்' என்று சொன்னாலும் அதன் வாரன்ட்டித் தேதியை அன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.