கமரா யார் கையில்?

கலைக்கூடம் என்றதும் எம்மவர் பலர், அது கறுவாத்தோட்டத்துக் கனவான்களின் விடயம் என்று ஒதுங்கிவிடுகின்றனர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை.

பொரளையிலிருந்து அதிக தூரமில்லாத கில்ட்போர்ட் கிறசென்ட்டில் லயனல் வெண்ட் கலை நிலையம் இருக்கிறது. சட்டம் பயின்று, பியானோவில் தேர்ந்து, இறுதியில் கமராவைக் கைக்கொண்ட வெண்ட் 1944இல் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் 1953இல் அரங்கும், 1959இல் காட்சிக்கூடமும் திறக்கப்பட்டன. இலாப நோக்கமின்றி இயங்கும் நிலையம்தான். ஆனால் வனாத்தமுல்லைப் பிள்ளையோ பொகவந்தலாவைப் பிள்ளையோ அங்கே தன் படத்தை மாட்டுவதற்கு முதலில் யாராவது அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் தமிழில்.

பொகவந்தலாவை என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1875இல் இலங்கை வந்து 1879இல் இறக்கும்வரை, தோட்டத் தொழிலாளரைப் படம் பிடித்தார். அழகான படங்கள். ஆனால் லண்டன் பிரமுகரைப் படமெடுத்தபோது பெயரை எழுதியவர், இவர்களில் பெரும்பாலோரின் பெயரை எழுதவில்லை. பின்னர் அஞ்சலட்டைகளில் உலகெங்கும் போன கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் பெயர் இல்லை.

1983 ஜூலையில் பொரளை பஸ் நிலையத்தருகே, தாக்கப்பட்டு நிர்வாணமாக உட்கார்ந்திருக்கும் தமிழரின் படத்தை அறியாதார் இல்லை. அதை எடுத்த சிங்களப் புகைப்படப்பிடிப்பாளர் சந்திரகுப்த அமரசிங்கவின் துணிவால்தான் அந்த இரவுக்குச் சாட்சி இருக்கிறது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் நடுவில் குனிந்திருப்பவரின் பெயரை எத்தனை பேர் கேட்டார்கள்?

அபிவிருத்தி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் சற்றுப் புரட்டிப் பாருங்கள். அட்டையில் ஒட்டிய வயிற்றோடு ஒரு குழந்தை. தாயிடம் அனுமதி கேட்டார்களா? அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினார்களா? இந்த நிலை கண்டுதான் வங்காளதேசத்தில் ஷஹிதுல் ஆலம் 1989இல் டாக்காவில் 'திரிக்' நிறுவனத்தையும், 1998இல் 'பாடசாலா' என்ற புகைப்படப் பள்ளியையும் தொடங்கினார். ஏழை நாட்டைப் படம் பிடிக்க வெளிநாட்டவர் வரவேண்டியதில்லை என்பதே அவர் வாதம்.

எமக்கு டாக்கா அளவு பெரிய கட்டடம் வேண்டாம். இருட்டறையும் இரசாயனமும் இன்று தேவையில்லை, கைத்தொலைபேசியே போதும். வேண்டியவை: தமிழில் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், பிரதி எடுக்கக் கொஞ்சம் பணம், மாட்ட ஒரு சுவர். அத்தோடு ஸ்கானர் ஒன்றும். வெண்டின் நெகட்டிவ்களே அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டன. 2009இல் வன்னியில் பதுங்குகுழிகளோடு புதைந்த குடும்ப அல்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காணாமல்போன மகனின் ஒரேயொரு படத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு வீதியில் நிற்கும் தாய்மார் இன்றும் இருக்கின்றனர். அந்தப் படத்தை ஒழுங்காகப் பிரதியெடுத்து, பின்புறம் பெயரும் ஊரும் எழுதிக் கொடுப்பதே வகுப்பின் முதல் பாடமாகட்டும். வாரநாட்களில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபங்கள் கொழும்பில் இல்லையா என்ன?