"சக்சஸ்" என்று பொய் சொன்ன 43 வரிகள்

எங்க ஊர் சித்தன்னவாசல் பக்கம். ஓவியம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவர் கோயிலோடு திரும்பிவிடுவார்கள். மலை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பாட்டம். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகள். அதில் கால் வைத்துத்தான் அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் குகைப் படுக்கைகளுக்குப் போனார்கள். சின்ன வயதில் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கால் ஊனிருச்சான்னு பாத்துட்டு அடுத்த காலை எடு அப்பு."

அதே மாமாவின் தோட்டத்தில், நான் எழுதிய 43 வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எந்தப் படியிலும் கால் ஊனாமலே கீழே வரை போய், "பில்ட் சக்சஸ்" என்று சொல்லிவிட்டு முடிந்தது. அதனால் ஒரு ரவுட்டர் செத்தது. அதைவிட மோசம், ஒரு ஜூனியர் இரண்டு நாள் என்னிடம் திட்டு வாங்கினான்.

கதை இதுதான். கிணற்றுத் தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற சென்சார் ஒன்று எங்கள் ப்ராஜெக்ட். சென்சார் தருவதை வாங்கி வெளியே அனுப்ப ஒரு பழைய வைஃபை ரவுட்டர். கம்பெனி போட்ட ஃபர்ம்வேரில் நம் ப்ரோக்ராமைச் சேர்க்க முடியாது, அதனால் ஓப்பன்டபிள்யூஆர்டி. மொத்த சோர்ஸையும் இறக்கி, கம்பைலரைக் கட்டி, கெர்னலைக் கட்டி, கடைசியில் ரவுட்டருக்கான ஒரு இமேஜ் ஃபைலை எடுக்க வேண்டும். இதையெல்லாம் கையால் அடிக்கச் சோம்பல், ஆகவே ஸ்கிரிப்ட். ஒரு ரவுட்டர் காலேஜ் லேபில், இன்னொன்று (வேறு மாடல், பழைய சாமான் கடையில் கிடைத்தது) மாமாவின் மோட்டார் கொட்டகையில். ஜூனியர் அன்னவாசல்காரன், அதனால் தோட்டத்து வேலை அவன் தலையில்.

அவனிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப், 4 ஜிபி ரேம். முந்தின வாரம் லேப் ரவுட்டருக்கான இமேஜை அதிலேயே கட்டியிருந்தான், பிரச்சினை இல்லை. பிறகு நான் சோர்ஸை அப்டேட் பண்ணச் சொன்னேன். அதனால் இந்த முறை கம்பைலரையே முதலிலிருந்து கட்ட வேண்டி வந்தது. என் ஸ்கிரிப்ட் ப்ராசஸரில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை வேலையையும் ஒரே நேரத்தில் ஓட்டும். ரேம் போதவில்லை, லினக்ஸ் கெர்னல் தன் வழக்கப்படி பெரிய தீனிக்காரனைப் பிடித்துக் கொன்றது. லாக் ஃபைலின் நடுவில் "கில்டு" என்று ஒரே ஒரு சொல் இருந்தது. பில்ட் அங்கேயே செத்துவிட்டது.

ஸ்கிரிப்ட் சாகவில்லை. "பின்" ஃபோல்டருக்குப் போனது, இமேஜ் மாதிரி பெயருள்ள ஃபைல் ஒன்றைக் கண்டது, எடுத்து வெளியே வைத்தது. அது போன வாரத்து லேப் ரவுட்டர் இமேஜ். பிறகு "பில்ட் சக்சஸ்". அவன் நம்பி ஃப்ளாஷ் செய்தான். வேறு மாடல் இமேஜ் வந்தால் ஓப்பன்டபிள்யூஆர்டியின் சிஸ்அப்கிரேட் கட்டளை தானே மறுக்கும். ஆனால் என் ஸ்கிரிப்டில் "மைனஸ் எஃப்" போட்டிருந்தேன், அதாவது எதையும் கேட்காதே, போடு. என்றோ ஒரு நாள் அது மறுத்தது, எரிச்சலில் சேர்த்தேன், அப்படியே மறந்துவிட்டேன்.

ரவுட்டர் எழுந்திருக்கவில்லை. "தம்பி, நீ ஏதோ தப்பாப் பண்ணிருக்க" என்று ஃபோனில் சொன்னேன். "இல்லண்ணே, சக்சஸ்னுதான் வந்துச்சு" என்றான். மறுபடி திட்டினேன். மும்முனை கரன்ட் வருகிற நேரத்துக்கு மாமா பழையபடி டார்ச் லைட்டோடு கிணற்றை எட்டிப் பார்க்கப் போனார். இரண்டு நாள் கழித்து லாக் ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் தப்பு யாருடையது என்று தெரிந்தது. சீரியல் பின்னில் ஒயர் பற்றவைத்து, யூ-பூட் வழியாக டிஎஃப்டிபியில் ரவுட்டரை மீட்டோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கட்டுரையையும் அவனிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இனி என் கருத்து. நம் ப்ராஜெக்ட்களில் பில்ட் ஸ்கிரிப்டை யாரும் ப்ரோக்ராமாகவே மதிப்பதில்லை. சி கோடில் ஒரு பாயின்டரைச் சரிபார்க்கவில்லை என்றால் மேடம் கேட்பார். ஷெல் ஸ்கிரிப்டை "சும்மா நாலு கமாண்ட்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஃபர்ம்வேரில் அந்த நாலு கமாண்டின் முடிவு நேராக ஃப்ளாஷ் சிப்புக்குப் போகிறது. வெப்சைட் என்றால் ரீஃப்ரெஷ் பண்ணலாம். இங்கே ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டும்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக இரண்டு வரி: லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுப் போகும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 1 முதல் 255 வரை வேறு எதுவாக இருந்தாலும் ஏதோ கோளாறு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஷெல் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். சி கம்பைலர் தப்பிருந்தால் நின்றுவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது மனதில் பதிவதே இல்லை.

என் ஸ்கிரிப்டில் நடந்தது இன்னும் கொஞ்சம் நுணுக்கம். பில்ட் ஓடுவதைத் திரையில் பார்க்கவும் வேண்டும், லாக்கில் சேமிக்கவும் வேண்டும் என்று "மேக்" கட்டளையை ஒரு பைப் வழியாக "டீ" கட்டளைக்கு அனுப்பியிருந்தேன். பைப்பில் கடைசிக் கட்டளையின் எண்தான் மொத்தத்துக்கும் எண். மேக் செத்தது, டீ தன் வேலையை ஒழுங்காகச் செய்து 0 கொடுத்தது. ஆக, நான் எண்ணைச் சோதித்திருந்தாலும் 0 தான் கிடைத்திருக்கும். இதற்கு மருந்து "பைப்ஃபெயில்" என்ற ஆப்ஷன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உபுண்டுவில் "எஸ்எச்" என்று கூப்பிட்டால் வருவது டாஷ், பாஷ் அல்ல. பழைய டாஷுக்கு பைப்ஃபெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதிவிடுங்கள்.

"செட் மைனஸ் ஈ போட்டாப் போதும் மச்சான், தப்பு வந்தா தானா நின்னுடும்" என்று ஹாஸ்டலில் ஒருவன் சொன்னான். பாதி உண்மை. போடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். ஒரு ஃபங்ஷனை "இஃப்" நிபந்தனைக்குள் வைத்துக் கூப்பிட்டால் அந்த ஃபங்ஷன் முழுக்க மைனஸ் ஈ தூங்கிவிடும். "லோக்கல்" என்று அறிவிக்கிற வரியிலேயே ஒரு கட்டளையின் விடையை மாறிக்குள் வாங்கினால், கட்டளை தோற்றாலும் லோக்கல் ஜெயித்ததாகக் கணக்கு. இன்னொரு பக்கம், "கிரெப்" தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று 1 கொடுத்தால், தப்பே இல்லாத இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எரிச்சலில் "இல்லாட்டி ட்ரூ" என்று வரிக்கு வரி ஒட்ட ஆரம்பிப்போம். என் "மைனஸ் எஃப்" பிறந்த கதையும் இதே எரிச்சல்தான்.

இதில் பெரிய கம்பெனியும் விழுந்திருக்கிறது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் கேம் மென்பொருளில் ஒரு பிழை வெளியே வந்தது. அதன் ஸ்கிரிப்ட், தான் இருக்கிற ஃபோல்டரைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்கும். பின்னால் ஓரிடத்தில் அந்த ஃபோல்டருக்குள் உள்ளதையெல்லாம் அழிக்கும். ஒருவர் ஃபோல்டரை இடம் மாற்றி வைத்திருந்தார். கண்டுபிடிக்கும் வரி தோற்றது, மாறி காலி. காலியான பெயரோடு ஒரு சாய்கோடு சேர்ந்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரின் வேர் ஃபோல்டர். அவர் கோப்புகள் போயின, மாட்டியிருந்த பேக்கப் டிரைவும் போனது. அந்த அழிக்கும் வரிக்கு மேலே "ஸ்கேரி!" என்று எழுதியவரே கமென்ட் போட்டு வைத்திருந்தார். பயந்திருக்கிறார், ஆனால் சோதிக்கவில்லை.

அங்கே "செட் மைனஸ் யூ" காப்பாற்றியிருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். மைனஸ் யூ பிடிப்பது வைக்கப்படாத மாறியை. இங்கே மாறி வைக்கப்பட்டிருந்தது, உள்ளேதான் ஒன்றும் இல்லை. அழிக்கும் முன் "காலியா?" என்று ஒரு கேள்வி வேண்டும். பாஷில் மாறியின் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டாலே, காலியாக இருந்தால் நின்றுவிடும். இரண்டு எழுத்துச் செலவு.

சரி, யார்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? லேப்டாப்பின் பயோஸுக்குப் பதிலாகப் போடுகிற லிப்ரேபூட்டைப் பாருங்கள். அதன் பில்ட் அமைப்பு பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்டுதான். சில போர்டுகளுக்கு வெண்டர் ஃபைல்களை அவர்கள் சேர்த்து வெளியிட முடியாது. பயனர் தன் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்து முடித்ததும் இமேஜின் ஹாஷ், முன்பே குறித்து வைத்த ஹாஷோடு ஒத்துப்போகிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். சேர்க்காமலே ஒருவர் ஃப்ளாஷ் செய்யப் போனால்? அந்த இமேஜின் அளவை வேண்டுமென்றே ஒரு பைட் கூட்டி வைக்கிறார்கள். சிப்பின் அளவோடு பொருந்தாது, ஃப்ளாஷ் செய்யும் கருவி மறுத்துவிடும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆவணத்தில் பெரிய எழுத்தில் "செய்யாதே" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், செய்யவே முடியாதபடி பண்ணியிருக்கிறார்கள்.

நம்ம ஊர் நிலைமைக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும்: நெட். ஹாஸ்டல் வைஃபையில் லாகின் காலாவதி ஆகிவிட்டால், சோர்ஸ் ஃபைலைக் கேட்டால் லாகின் பக்கம் வரும். ஃபைல் பெயர் டார் என்று முடியும், உள்ளே எச்டிஎம்எல். "கர்ல்" கட்டளைக்கு "மைனஸ் எஃப்" போடாவிட்டால் 404 வந்தாலும் அது 0 தான் கொடுக்கும் (இந்த மைனஸ் எஃப் நல்லவன், சிஸ்அப்கிரேட் மைனஸ் எஃபோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). லாகின் பக்கம் 200 என்று ஒழுங்காக வந்தால் அதுவும் உதவாது. ஹாஷ் ஒன்றுதான் பிடிக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி தன் பேக்கேஜ்களுக்கு ஹாஷ் பார்க்கிறது, கோர்பூட்டின் கம்பைலர் கட்டும் ஸ்கிரிப்டும் பார்க்கிறது. நாம் சொந்தமாக இறக்குகிற ஃபைல்களுக்குத்தான் பார்ப்பதில்லை. தற்காலிகப் பெயரில் இறக்கி, ஹாஷ் சரியானால் மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றினால், சிக்னல் பாதியில் போன ஃபைல் அடுத்த பில்டில் முழு ஃபைல் வேஷம் போடாது. எங்கள் ஊரில் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சிக்னல், அந்தப் பக்கம் வேறு சிக்னல் என்பது தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

"காலேஜ் ப்ராஜெக்டுக்கு இவ்வளவு எதுக்கு?" என்று கேட்கலாம். சென்னை ஐஐடியில் உருவான சக்தி ப்ராசஸர்களில் ஒன்று 2018-இல் மொகாலியின் எஸ்சிஎல்லில் 180 நானோமீட்டரில் சிப்பாக வந்தது. 2020-இல் மௌசிக் வந்தது. டிசைனும் அதற்கான மென்பொருள் கிட்டும் திறந்த மூலம். இப்படிப்பட்ட சிப்களுக்கு பூட்லோடரும் பில்ட் ஸ்கிரிப்டும் எழுதப் போகிறவர்கள் இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிற நாம்தான். ஸ்கிரிப்டை ஓட்டப் போகிறவன் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டான். அவனிடம் 4 ஜிபி ரேமும் அரைகுறை நெட்டும்தான் இருக்கும். நாம் ஒழுங்காக நிறுத்தாத இடத்தில் அவன் பழி வாங்குவான்.

இப்போது எங்கள் ஸ்கிரிப்ட் 71 வரி. பில்ட் தொடங்கும் முன் பழைய இமேஜ்களை அழிக்கிறது. இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தாலே ரவுட்டர் பிழைத்திருக்கும். டிஸ்க்கில் 20 ஜிபி காலி இல்லையென்றால் ஆரம்பிக்கவே மறுக்கிறது. ரேம் குறைவு என்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். ஃப்ளாஷ் கட்டளையில் மைனஸ் எஃப் கிடையாது. முக்கியமான ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் "இல்லாட்டி நில்" என்று ஒரு சின்ன ஃபங்ஷன்: எந்தப் படி, என்ன கட்டளை, லாக் எங்கே என்று மூன்றையும் சொல்லிவிட்டு வெளியேறும். மீதிக்கு ஷெல்செக் என்ற இலவசக் கருவியை ஓட்டினோம். முதல் தடவை என் 43 வரிக்கு 19 எச்சரிக்கை கொடுத்தது. அவமானமாகத்தான் இருந்தது.

நம் டிபார்ட்மென்டுக்கு ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எல்லோரும் ஓடுகிற டெமோவையே காட்டுகிறோம். ரிவ்யூ செய்கிற சார் ஒரு தடவை, பில்ட் ஓடும்போது நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஸ்கிரிப்ட் என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும். அதற்கு 5 மார்க் போதும், அடுத்த செமஸ்டரே எல்லோர் ஸ்கிரிப்டும் மாறிவிடும். என்னிடம் கோபப்படுகிற நண்பர்கள் கேன்டீனில் வந்து திட்டலாம்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஜூனியரிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஸ்கிரிப்ட் நின்றிருந்தது. அவனே தமிழில் எழுதிச் சேர்த்த வரி சிவப்பில்: "4-ஆம் படி தோல்வி. ஹாஷ் பொருந்தவில்லை. இமேஜ் உருவாகவில்லை, ஃப்ளாஷ் செய்யாதே." கீழே அவன் மெசேஜ்: "ஹாஸ்டல் வைஃபை லாகின் போயிருச்சுண்ணே. காலைல பாத்துக்கறேன், தூங்கப் போறேன்."